பல்லில் ஏறிய மஞ்சள்

மார்ச் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, மாடியில் இருக்கும் பல் மருத்துவமனையில், செய்தி வாசிக்கும் பெண்ணுக்குச் செய்து வந்த முன்பல் அவருடைய மற்றப் பற்களைவிட மஞ்சளாக இருந்தது.

டாக்டரம்மா அதை வைத்துப் பார்த்தார், எடுத்தார், ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பி மறுபடி வைத்துப் பார்த்தார். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. நாற்காலியில் இருந்தவர் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார்.

"மத்ததெல்லாம் என் பல்லு டாக்டர். இது மட்டும் எனக்குத் தெரியாம டீ குடிச்சுட்டு வந்திருக்கு."

சொல்லிச் சிரித்தவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். வருஷக்கணக்கில் டிவியில் விடிகாலைச் செய்தி வாசித்தவருக்கு, வருகிற வெள்ளிக்கிழமைதான் முதல் தடவையாக மாலை ஏழு மணிச் செய்தி கிடைத்திருந்தது. அன்றைக்குள் பல் சரியாகாவிட்டால் அது கைமாறிவிடும்.

டாக்டரம்மா பல் செய்பவருக்குப் போன் போட்டார். எழுதி அனுப்பும் நிற எண்ணைவிட, கூட அனுப்பும் பக்கத்துப் பல்லின் படத்தையே நம்பி வேலை செய்கிறவர் அவர். படத்தில் இருந்ததைத்தான் செய்தேன் என்று அடித்துச் சொன்னார். கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்தால், பல்லுக்கு மேலே ஈறு தக்காளியாகச் சிவந்து கிடந்தது. அப்போதுதான் படம் எடுத்த கேமராவின் மேல் சந்தேகம் விழுந்தது. கேமராவில் படத்தின் தோற்றத்தை மாற்றும் பக்கத்தில், எப்போதும் 'இயல்பு' என்று இருக்கும் இடத்தில் 'பளிச்' என்றிருந்தது. நிற அடர்த்தியை யாரோ கடைசிக் கோடுவரை தள்ளியிருந்தார்கள்.

படம் எடுப்பதற்கு முதல் நாள் கேமராவை இரவல் வாங்கிப்போனவர், டாக்டரம்மாவின் கணவருடைய தம்பி. நல்லவேளை, அதற்குப் பிறகு வேறு யாருக்கும் அதில் படம் எடுக்கவில்லை. போனில் கேட்டதும் அவர் மழுப்பவில்லை.

"பைக்கை விக்கலாம்னு போட்டோ எடுத்தேன் அண்ணி. மஞ்ச பெயிண்ட் வெளுத்துப்போச்சுல்ல, அதான் கொஞ்சம் ஏத்திவிட்டேன். வந்தவன் நேர்ல பாத்துட்டு, போட்டோவை வேணா வாங்கிக்கிறேன்னுட்டான்."

"அந்த மஞ்ச இப்ப ஒருத்தங்க வாயில இருக்கு தம்பி."

 புதுப் பல்லைத் தானே போய் வாங்கிவருவதாக அவர் மெல்லச் சொன்னார்.

டாக்டரம்மா தோற்றத்தை 'இயல்பு'க்குத் திருப்பினார். தள்ளியிருந்ததை எல்லாம் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். பழையபடி பக்கத்துப் பல்லைப் படம் எடுத்து, திரையையும் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் ஒத்துப்போயின. பல் செய்பவருக்குப் படம் அப்போதே போனது. யாரிடம் போனாலும் பல் நிறம் ஏறித்தான் வருமோ என்று பயந்திருந்த செய்தி வாசிப்பவர், பைக் கதையைக் கேட்டு இந்த முறை வாயைப் பொத்தாமல் சிரித்தார்.

வியாழக்கிழமை மாலை, அதே பைக்கில் புதுப் பல் வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை ஏழு மணிச் செய்தியை அவரே வாசித்தார். வானிலை முடிந்ததும் சிரித்தார். பைக் இன்னும் விற்கவில்லை.