நிற்காத வடை ரயில்

14 நவம்பர் 2024, வியாழன்

இன்று ஒரு சிறிய பிழை விட்டேன்.

ரூ காய் என்ற தெருவில் இருக்கும் பாலேந்திரன் அண்ணையின் சாப்பாட்டுக் கடையில், கவுண்டர் மேல் வடை கொண்டுவரும் பொம்மை ரயில் ஓடுகிறது. கைபேசியில் கட்டளை கொடுத்தால் போதும். ஆனால் தண்டவாளத்தில் எண்ணெய் படிந்த இடமெல்லாம் நின்றுவிடும். இனியும் நின்றால் பெட்டிக்குள் கட்டிவைப்பேன் என்று அண்ணை சொல்லிவிட்டார். மாலை வகுப்பில் படித்ததை வைத்து நான் ஓடவிட்ட முதல் பொருள் அது.

அதனால் எஞ்சினுக்குள் கெப்பாசிட்டர்கள் பற்றவைத்தேன். மின்சாரம் அறுந்தாலும், சேர்த்து வைத்ததைக் கொண்டு கொஞ்சத் தூரம் ஓடும். வயர்களைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். ஆள் உள்ளே போய்வரத் தூக்கும் கவுண்டர் பலகையை மட்டும் நினைக்கவில்லை; தண்டவாளம் அதன் மேலாகவும் போகிறது. அதைத் தூக்கினால் மின்சாரம் அறுந்து, ரயில் இடைவெளிக்கு முன்னே நிற்கும்படி நானே அமைத்திருந்தேன்.

அண்ணை பலகையைத் தூக்கிக்கொண்டு சாம்பார் வாளியோடு நுழைந்தார். ரயில் நிற்காமல் வந்து வாளிக்குள் பாய்ந்தது.

"நான் சாம்பார் வடைதான் கேட்டனான்," என்றார் சாப்பிட வந்திருந்த கமலராணி அக்கா. "எஞ்சின் கேக்கேல்லை."

அண்ணை என்னைப் பார்த்தார். "என்ன பூரணி இது?"

"நிண்டால்தானே கட்டி வைப்பன் எண்டனீங்கள் அண்ணை. நிக்கேல்லையே."

கடை முழுக்கச் சிரித்தது. அண்ணை சிரிப்பை அடக்கினார்.

"நாளைக்கு ஒருநாள் பாப்பன். பிறகு பெட்டிதான்."

நாளை: எஞ்சினைக் கழுவிக் காயவைத்து, பலகை எழும்பும்போது தண்டவாளத்தை மறிக்கும் கட்டை ஒன்று பொருத்த வேண்டும்.