ஜித்தா போயிருக்கார்

யான்புவில் தமிழ் ஆள் ஒருத்தர் செத்தால், அவரை வேலைக்கு எடுத்த கபீலுக்குத் தகவல் போவதற்கு முன்னால் இஸ்ரவேல் அண்ணனுக்குப் போன் போய்விடும். பிரேதத்தை ஊருக்கு அனுப்பிவைப்பதுதான் எங்கள் சங்கத்தின் வேலை. சங்கம் என்று நாங்களாகச் சொல்லிக்கொள்வதுதான். பெயர் கிடையாது, போர்டு கிடையாது. சவூதியில் அதெல்லாம் வைக்கவும் முடியாது. ரிபைனரியில் பைப் பிட்டராக இருந்த குளச்சல்காரர் இஸ்ரவேல் அண்ணன், பிக்கப் ஓட்டும் கீழக்கரை கலீலுர் ரஹ்மான் பாய், ஆஸ்பத்திரி நர்ஸ் லிஜி, அப்புறம் ஏசி மெக்கானிக்காக இருக்கும் நான். வேறு யாரும் இல்லை.

இந்த ஊரில் எத்தனையோ சங்கங்கள் ஆரம்பித்து முடிந்திருக்கின்றன. நடத்துகிறவர் வேலை முடிந்து எக்சிட்டில் ஊருக்குப் போனால் சங்கமும் அதே பிளைட்டில் ஏறிவிடும். ஒரு ஆள் இங்கே தங்குவதற்கான இக்காமா எதுவரைக்குமோ, அதுவரைக்கும்தான் சங்கத்துக்கும் ஆயுசு. நம்முடையது அப்படி ஆகக்கூடாது என்று அண்ணன் அடிக்கடி சொல்வார். ஆனால் எங்களில் ஒருத்தரைக்கூட அவர் எந்த ஆபீசுக்குள்ளும் கூட்டிப்போனதில்லை.

"நீ வண்டியில இரி. ஒன்னக் கண்டா அவன் நாலு கேள்வி கேப்பான். என்னக் கண்டா கேக்க மாட்டான்" என்பார்.

உண்மைதான். போலீஸ் ஸ்டேஷனிலும் பிணவறையிலும் ஏர்லைன்ஸ் கார்கோவிலும் அவருக்கு டீ கொடுத்து உட்காரவைப்பார்கள். நாங்கள் வெயிலில் வண்டிக்குள் உட்கார்ந்திருப்போம்.

போன வருஷம் நோன்பு மாதத்தில், யாரோ ஒருத்தருடைய பேப்பருக்காக ஜித்தா கான்சுலேட் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது அவருக்கு நெஞ்சு அடைத்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. எந்தக் கதவை முதலில் தட்டுவது என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. தட்டுத்தடுமாறி, திட்டு வாங்கி, திரும்பத் திரும்ப அலைந்து, ஜித்தாவிலிருந்தே அவரைத் திருவனந்தபுரத்துக்கு ஏற்றிவிட்டோம். நாங்களாகச் செய்த முதல் பிரேதம் அவருடையதுதான்.

திரும்பி வரும்போது வழியில் ராபிக் ஊரைத் தாண்டியதும் அவருடைய போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் கவரில், பெல்ட்டோடும் ஜெபமாலையோடும் கிடந்தது. எடுத்தேன்.

"இஸ்ரவேல் அண்ணனா? அண்ணா, எங்க வீட்டுக்காரரு..." ஒரு பெண் அழுதுகொண்டே பேசினாள்.

"ஆமா. சொல்லு பிள்ளே. பயப்படாண்டாம்" என்றேன்.

நான் பெரியதாழைக்காரன். எங்கள் பேச்சு வேறு. அது அவருடைய குளச்சல் பேச்சு. என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. கலீல் பாய் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னப்பா சொன்னே அந்தப் புள்ளைட்ட?"

"அழுவுது பாய். அதுகிட்ட போயி எப்படிச் சொல்ல?"

லிஜியிடம் சொன்னபோது அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"சொல்லவே செய்யாண்டாம் அண்ணா. இவரு இல்லன்னு தெரிஞ்சா இந்த நம்பருக்கு ஒருத்தரும் விளிக்க மாட்டாவ. செத்தவங்க பிரீசர்லயே கெடப்பாவ" என்றாள்.

அப்படித்தான் அவரைச் சாகவிடாமல் வைத்துக்கொண்டோம். யான்பு ஆபீசுகளில் யாருக்கும் விஷயம் தெரியாது. இஸ்ரவேல் எங்கே என்று கேட்டால், ஜித்தா போயிருக்கார் என்போம். அவர் அனுப்பினார் என்றதும் கதவு திறந்துவிடும். அவருக்கு சலாம் சொல் என்பார்கள். தலையாட்டிவிட்டு வருவோம்.

போனில் நான்தான் அவர். கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் அவர் இரண்டு தரம் இருமுவார். பீடி இருமல். நான் பீடி குடித்ததில்லை, ஆனாலும் இருமல் வந்தது. பிறகு போன் இல்லாதபோதும் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவிடம் என் சொந்த போனில் பேசினேன்.

"ஏல, யாரு பேசுதது? ஆன்சன்கிட்ட குடு" என்றாள்.

"நாந்தாம்மா."

"வெளையாடாத. அவன்கிட்ட குடு ஐயா."

நான்தான் என்று அவளை நம்பவைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

இந்த வருஷம் கோடையில் உடையப்பன் என்ற சிவகங்கைக்காரர் சைட்டில் சாரத்திலிருந்து விழுந்தார். லிஜியின் வார்டுக்குத்தான் கொண்டுவந்தார்கள். சாயங்காலம் போய்விட்டார். மறுநாளே அவர் மனைவி சந்திரகலா கூப்பிட்டாள்.

"அண்ணே, நான் சந்திரகலாண்ணே. முன்னாடி என் தம்பிய அனுப்பிவச்சீகள்ல? இப்ப எம் புருசனும் போயிட்டாருண்ணே."

இரண்டு தரம் இருமினேன். "நோவு தெரியாம போயிட்டாரு பிள்ளே" என்றேன். அண்ணன் எல்லாருக்கும் சொல்வது அதுதான்.

அதற்குப் பிறகு தினமும் கூப்பிட்டாள். பிரேதத்தை வாங்கி அனுப்ப இங்கே உள்ள ஒருத்தருக்கு அதிகாரம் கொடுத்து, குடும்பத்தார் பத்திரம் எழுதி அனுப்பவேண்டும். "ஆன்சன்னு நம்ம பய ஒருத்தன் உண்டும். அவன் பேருக்கு எழுதிரு" என்று அவளிடம் சொன்னேன். சரிண்ணே என்றாள்.

பத்திரம் கூரியரில் வந்தது. இங்கிலீஷில் நெருக்கமாக அடித்திருந்தது. ஸ்டாம்பையும் கையெழுத்தையும் மட்டும் பார்த்துவிட்டு ஜித்தாவுக்குக் கொண்டுபோனேன். கவுண்டரில் வெங்கட்ராமன் என்று ஒரு தமிழர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"இது இஸ்ரவேல்ங்கறவர் பேர்ல இருக்கேப்பா."

"இருக்காது சார். என் பேருதான்."

அவர் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். இஸ்ரவேல். பழைய பாஸ்போர்ட் நம்பரோடு. தம்பிக்கு எழுதிய பத்திரத்தின் நகலைப் பார்த்து எழுதியிருக்கிறாள். வெங்கட்ராமன் அந்த நம்பரை கம்ப்யூட்டரில் போட்டார்.

"இவர் இறந்துட்டார்னு இந்த பாஸ்போர்ட்ட கேன்சல் பண்ணச் சொல்லி எழுதிக் கொடுத்ததே நீங்கதானே? உங்க கையெழுத்துதான் இருக்கு."

"ஆமா சார்."

"அப்புறம் எப்படிப்பா? புதுசா எழுதி வாங்கிண்டு வாங்க."

வெளியே வந்தேன். வரிசை மதில் ஓரமாக நின்றது. அண்ணன் விழுந்த இடத்தில் இப்போது ஒரு பையன் பைலைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றான். கலீல் பாய் பிக்கப்பில் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"சொல்லிரு அந்தப் புள்ளைட்ட" என்றார்.

"சொன்னா ஊர் பூராத் தெரிஞ்சிரும் பாய். அப்புறம் சங்கம் எங்க இருக்கு?"

"ஒரு மய்யித்து அங்க பெட்டியில கெடக்கு. நீ என்னாண்டா சங்கம் எங்க இருக்குங்குறா. போடுப்பா போன."

போட்டேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னார். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அண்ணே, பத்திரம் வந்துருச்சாண்ணே? பேர மாத்திப்புட்டேன், கோவிச்சுக்கிறாதீக. யாரு இந்த ஆன்சன்னு வக்கீலு கேட்டாரு. எனக்கென்ன தெரியும்? என் தம்பிய அனுப்புனது நீங்க. உங்க பேரத்தேன் போடச் சொன்னேன்."

இருமல் தொண்டைவரை வந்தது. விழுங்கினேன்.

"யம்மா, நான் இஸ்ரவேல் இல்ல. ஆன்சன். இஸ்ரவேல் அண்ணன் எறந்துட்டாவ. போன வருசமே."

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது.

"அப்ப இத்தன நாளா எங்கூட பேசுனது?"

"நாந்தாம்மா."

அவள் திட்டுவாள், இல்லாவிட்டால் வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"அவர யாரு ஊருக்கு அனுப்பிவச்சா?"

"நாங்கதான். நாங்க மூணு பேரும்."

"எம் புருசன் நோவு தெரியாம போனாருன்னு சொன்னீகளே. அது இஸ்ரவேலண்ணே சொல்றதா, நீங்க சொன்னதா?"

கலீல் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லிஜி எங்களிடம் எல்லாம் சொல்லியிருந்தாள்.

"இல்லம்மா. நோவுலதான் கெடந்திருக்காவ. கொண்டாந்ததுலருந்து சாயங்காலம் வர. எங்க நர்சு பிள்ள ஒண்ணு, லிஜி, கூடவே இருந்திருக்கு. தண்ணி கேட்டிருக்காவ. ஆப்பரேசன் பண்ண இருந்ததால குடுக்கக்கூடாது. பஞ்ச நனச்சு உதட்டுல வச்சிருக்கு. கலா எங்க, கலா எங்கன்னு கேட்டிருக்காவ. இந்தா வந்துருவான்னு அந்தப் பிள்ள சொல்லியிருக்கு. கடைசி வர கைய விடல."

அப்போதுதான் அழுதாள். இதற்கு முன்னால் அழுதது போல இல்லை. யாரோ அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும் சத்தம் கேட்டது.

"பேனா எடுத்துட்டேன். சொல்லுங்க" என்றாள்.

"என்னம்மா?"

"பேருதேன். வக்கீலு வீட்டுக்கு இப்பவே போறேன். மூணு பேருன்னீகளே, மூணையும் சொல்லுங்க. ஒருத்தர் பேர மட்டும் எழுதிக் குடுக்க பயமாருக்கு."

என் பெயரைச் சொன்னேன். லிஜியின் பெயரைச் சொன்னேன். கலீல் பாய் போன் பக்கம் குனிந்து, தன்னுடைய பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். அவள் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தாள்.

"லிஜி. இந்தப் புள்ள உசுரோட இருக்கா?"

"இருக்கும்மா. டூட்டியில இருக்கு."

"கலீலுர் ரஹ்மான்?"

"இருக்கேம்மா. இந்தா, நாந்தான் பேசுறேன்" என்றார் பாய்.

"ஆன்சன்?"

வாயைத் திறந்தேன். எந்தக் குரல் வரப்போகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

"ஆன்சன் இருக்காரா?" என்று மறுபடியும் கேட்டாள்.