வில்லன்: யாரோ

இன்னும் கொஞ்சம் மெதுவாக நடந்திருக்கலாம். பயமுறுத்த வருகிறவனுக்கு என்ன அவசரம்? அடுப்பில் பாலை வைத்துவிட்டா வந்தான்?

கண் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில், "அடுத்தது யாரு?" என்று கேட்டுக்கொண்டே அவள் இப்படித்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். சொட்டுமருந்து விட்டுக் கண்மூடி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவருக்கும் தெரியாது, கல்லூரிப் பிள்ளைகளின் குறும்படங்களில் எல்லாம் வந்து கதிகலங்க வைக்கும் வில்லன் இவள்தான் என்று. கட்டிய கணவனுக்கே தெரியாது.

தெரிந்தவன் கொழுந்தன் ஒருவன்தான். சினிமா படிக்கும் அவனுடைய முதல் படத்தில், வில்லனாக வரவேண்டியவன் காய்ச்சல் என்று கையை விரித்துவிட்டான். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. முகம் தெரியாது, சும்மா நடந்தால் போதும் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சி, மாமனாரின் பழைய சாம்பல்நிற மழைக்கோட்டையும் தொப்பியையும் அண்ணிக்கு மாட்டிவிட்டான். படத்தின் முடிவில் பெயர்கள் ஓடும் இடத்தில், 'வில்லன்' என்பதற்கு நேராக அப்போதைக்கு 'யாரோ' என்று அடித்து வைத்தவன், அதை மாற்ற மறந்துபோனான்.

பார்த்தவர்கள் அதையே பெயராக எடுத்துக்கொண்டார்கள். "யாரோ சார் நம்ம படத்துக்கும் வருவாரா?" என்று வகுப்பே வந்து நின்றது. ஒருவன் படத்தில் செத்த யாரோ, அடுத்தவன் படத்தில் எழுந்து வந்தார். அவர் பேசமாட்டார், கிட்டே போனால் கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று கொழுந்தன் ஒரு கதை கட்டிவிட்டிருந்தான்.

கோட்டுக்குள் புகுந்ததும், தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல் சத்தமெல்லாம் தூரமாகிவிடும். அவள் யாருக்கும் ஒதுங்க வேண்டியதில்லை; தெருவே ஒதுங்கிக்கொள்ளும். அண்ணி, மருமகள், மேசைக்கார அம்மா எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்த பிறகும் ஏதோ ஒன்று மிச்சமாக நடந்துபோகும். அது என்ன என்று அவள் குனிந்து பார்த்ததில்லை. பார்த்தால் பறந்துவிடும் என்று தோன்றும். தூக்கத்திலும் அந்தக் கோட்டோடுதான் நடந்தாள். ஈரத் தெருக்கள், தானாகத் திறக்கும் கதவுகள். எங்கே போகிறாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கணவன் தம்பியின் படத்தை செல்போனில் பார்த்தான்.

"யார்ரா இந்த ஆளு? நடையிலேயே ஒரு மிடுக்கு. ஒரு தடவ பாத்தா போதும், எங்க பாத்தாலும் கண்டுபிடிச்சிடலாம்."

சொல்லிக்கொண்டே, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், தண்ணீருக்குக் கையை நீட்டினான். அவள் நடந்துபோய் எடுத்து வந்து கொடுத்தாள். கொழுந்தனுக்குப் புரையேறியது.

இப்போது அவனுடைய கடைசி வருஷப் படம். மழை தூறும் பிற்பகல். பழைய வண்டி நிறுத்துமிடத்தின் மாடியில் கேமராவோடு மற்றவர்கள் காத்திருக்க, படிக்கட்டின் திருப்பத்தில் அவள் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். தொப்பியை நீட்டிய கொழுந்தன் அதைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டான்.

போட்டிக்கு அனுப்பப்போகும் படம் என்றான். யாரோவின் முகத்தைக் காட்டாமல் முடித்தால் சப்பென்று போய்விடும் என்று ஆசிரியர் சொல்லிவிட்டாராம்.

"கடைசி ஷாட்ல தொப்பியக் கழட்டிட்டு ஒரே ஒரு பார்வை, அண்ணி. அண்ணனே வாயப் பொளந்துடுவாரு. எத்தன நாளைக்குத்தான் ஒளிஞ்சுக்கிட்டே இருப்பீங்க?"

நல்ல மனசோடுதான் கேட்டான். கணவனின் பிளந்த வாயை அவளும் ஒரு கணம் ஆசையாகத்தான் நினைத்துப் பார்த்தாள். அதற்கு மறுநாள் நடக்கப்போவதும் கூடவே நினைவுக்கு வந்தது: நம்ம வீட்டுக்காரிதான் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் காட்டுவான். எங்கே, கொஞ்சம் நடந்து காட்டு என்பார்கள். பிறகு இந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனாலும், உள்ளே அண்ணிதான் நடந்துபோவாள்.

"வேண்டாம்ப்பா."

"ஏன் அண்ணி?"

"காட்டிட்டா, அது நானாயிடும்."

அவன் விரல்களிலிருந்து தொப்பியை மெல்ல விடுவித்து, நெற்றிக்குக் கீழே இறங்கும்படி வைத்துக்கொண்டாள். மாடியின் மறுகோடியை நோக்கித் தூறலுக்குள் நடந்தாள். இந்த முறை, மிகவும் மெதுவாக.