புதன்கிழமையை நிறுத்தி வைத்தவன்

தபால் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பதினான்கு வீட்டுத் தெருவில் ஒரு வாரம் புதன்கிழமை மூன்று முறை வந்தது. ஊரின் மற்ற தெருக்களில் வழக்கம்போல ஒரு முறைதான். இதைப் பற்றி யாரும் பத்திரிகைக்கு எழுதவில்லை, நகராட்சிக்கும் புகார் போகவில்லை. காரணம் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஏழாம் நம்பர் வீட்டு டைம் கீப்பருக்கு இரண்டு நாள் தேவைப்பட்டது, அவள் புருஷன் பிடித்து வைத்தான்.

அவள் பேருந்து நிலையத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, வருகிற போகிற வண்டிகளின் நேரத்தை எழுதுகிறவள். ஒரு நிமிடம் பிசகினாலும் மெமோதான், சொந்தக்காரன் வேண்டியவன் என்றெல்லாம் கிடையாது. அவன் பதினேழாம் நம்பர் பேருந்தின் டிரைவர். பக்கக் கண்ணாடியில் யாராவது ஓடி வருவது தெரிந்தால் அவன் கால் பிரேக்கை விட்டு எழாது. இன்னும் தெருமுனை திரும்பாதவர்கள்கூட அவனுடைய கண்ணாடியில் தெரிவார்கள். கண்டக்டர் தலையில் அடித்துக்கொள்வார், ஆனால் இரண்டு நிமிடத்தில் மூச்சிரைக்க ஆள் வந்து ஏறிவிடும். பணிமனையில் அவனுக்கு லேட்டு என்றே பெயர். அவள் கொடுத்த நாற்பத்தொரு மெமோவுக்கும் அவன் எழுதிய பதில் ஒன்றுதான்: ஆட்கள் ஓடி வந்தார்கள். நாற்பத்திரண்டாவது மெமோவின் பதிலில், என்னைக் கட்டிக்கொள்ள முடியுமா என்று எழுதிக் கொடுத்தான். அன்றைய பதிவேட்டை மூடும் வரை அவனைக் காக்க வைத்துவிட்டு, அவள் சரி என்றாள். கல்யாணத்துக்குப் பிறகும் அவன் அவளை மேடம் என்றுதான் கூப்பிட்டான்.

குழந்தைக்கும் அவள் ஒரு அட்டவணை வைத்திருந்தாள். வீட்டுக் கட்டட வேலை முடிந்ததும், அடுத்த வருஷம் என்று. அதற்குள் அவளுக்கு முப்பத்து மூன்று வயதில் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. புற்றுநோய் டாக்டர் குணமாக்கிவிடலாம் என்று தைரியம் சொன்னார். ஆனால் கட்டியை அழிக்கிற மருந்து கருமுட்டைகளையும் சேர்த்து அழித்துவிடலாம், குழந்தை வேண்டுமென்றால் முதலில் இரண்டாவது மாடிக்குப் போங்கள் என்றார். இரண்டாவது மாடி டாக்டரம்மா, பன்னிரண்டு நாள் வயிற்றில் ஊசி போட்டு முட்டைகளை வளர்த்து, எடுத்து, உறைய வைத்துவிடலாம் என்றாள். கட்டி மூச்சுக்குழாய்மேல் சாய்ந்துகொண்டிருந்ததால், சிகிச்சைக்கு ஒரு திங்கட்கிழமை குறித்து அதற்குமேல் ஒரு நாள்கூடத் தள்ள முடியாது என்று கீழே புற்றுநோய்ப் பிரிவில் சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை முதல் ஊசி போட்டால் கணக்கு கச்சிதமாக உட்கார்ந்தது. புருஷன் பெண்டாட்டி இருவரும் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும், கவுண்டர் பன்னிரண்டு மணி வரை.

அந்தச் சனிக்கிழமை பதினேழாம் நம்பரின் கண்ணாடியில் ஊன்றுகோலோடு ஒரு பெரியவர் ஓடி வந்தார். ஊன்றுகோலோடு ஓடுகிறவருக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் ஆனது. அவன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு பத்து. கவுண்டரில் பூட்டு தொங்கியது, இனி திங்கட்கிழமைதான்.

அவள் கத்தியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"உங்களுக்குப் பத்து நிமிஷம். எனக்கு ரெண்டு நாள்," என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு ஞாயிறு முழுக்க அவனிடம் பேசவில்லை. அவ்வளவு கோபத்திலும் அவன் சாப்பிட்டானா என்று பாத்திரத்தைத் திறந்து பார்த்துக்கொண்டாள்.

திங்கள் முதல் தினமும் மாலை ஆறு மணிக்கு அவனே ஊசி போட்டான். பெரிய ஸ்டியரிங்கைப் பிடித்துப் பழகிய கைக்குள் அந்த ஊசி தீக்குச்சி மாதிரி இருந்தது. ஆறு என்றால் ஆறு, ஒரு விநாடி பிந்தவில்லை. அவள் கடிகாரத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வயிற்றைக் காட்டினாள். இரண்டாவது செவ்வாய்க்கிழமை ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினாள். "இன்னும் சின்னதா இருக்கு. ரெண்டு நாள் கூடக் கிடைச்சா நல்லா வந்துடும். இப்படியே எடுத்தா ஒண்ணு ரெண்டு தேறலாம், தேறாமலும் போகலாம்." வெள்ளிக்கிழமை எடுத்தே ஆக வேண்டும். புதன் மாலை பத்தாவது ஊசி போட்டதும் அவன் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனான். ஸ்கூட்டரின் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி வைத்து, வலது காலைத் தரையில் அழுத்தி ஊன்றி உட்கார்ந்துகொண்டான்.

"உள்ள வாங்க," என்றாள் அவள்.

"நீ போய்ப் படு மேடம். பின்னாடி ஓடி வர்றாங்க. பாதி தூரம் வந்துட்டாங்க."

"யாரு?"

"நம்ம பசங்கதான்."

விடிந்தபோது புதன்கிழமையாக இருந்தது.

முதலில் கண்டுபிடித்தவர் நான்காம் வீட்டு வாத்தியார். திருத்தி முடித்த விடைத்தாள் கட்டு திருத்தாமல் மேசையில் கிடந்தது. முடிதிருத்துகிறவருக்கு நேற்று சவரம் செய்த அதே கன்னங்கள் அதே தாடியோடு வந்து உட்கார்ந்தன. மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும் போட்ட சண்டையையே மறுபடி போட வேண்டியிருந்தது. நிலையத்தில் டைம் கீப்பரிடம் ஒன்பதாம் நம்பர்க்காரன் நேற்றுச் சொன்ன பஞ்சர் கதையை வார்த்தை மாறாமல் சொன்னான். அவளுக்கு எல்லாம் புரிந்தது. வீட்டுக்கு வந்து, அவன் கால் அப்படியே ஊன்றியிருப்பதைப் பார்த்தாள். சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அடுத்தவர் நேரத்தைக் கேட்காமல் எடுப்பது அவள் பிழைப்புக்கே அடுக்காது. அதனால் ஆறு மணி ஊசியைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகக் கேட்கப் போனாள்.

யாரும் பெரிதாகப் பிகு பண்ணவில்லை. வாத்தியார், மூன்றாவது தடவை திருத்தினால் பையன்களுக்கு மனசிரங்கி இரண்டு மார்க் கூடப் போடுவேன், அவ்வளவுதான் என்றார். கடைசி வீட்டு அக்கா மட்டும் முடியாது என்றாள். மூன்று வருஷம் கழித்து அவள் மகள் வியாழக்கிழமை கப்பலில் வந்து இறங்குகிறாள்.

"இன்னும் ஒரு புதன்கிழமையா? நான் நாளை எண்ணிக்கிட்டு இருக்கேன்மா."

"எனக்குப் புரியுதுக்கா. அவரைக் காலை எடுக்கச் சொல்லிடறேன்," என்று அவள் திரும்பினாள். வாசற்படி இறங்குவதற்குள் அக்கா கூப்பிட்டாள்.

"எத்தனை ஊசி பாக்கி?"

"ஒண்ணு."

"போட்டுக்கோ. எம்பொண்ணு எப்படியும் வந்துடுவா. உம்பொண்ணு வரணுமே." அக்கா சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசலில் கால் ஊன்றி உட்கார்ந்திருந்தவனுக்கு ஒரு பிளாஸ்கில் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மூன்றாவது புதன்கிழமை மருந்துக்கடைக்காரருக்கும் மனைவிக்கும் சண்டையில் பாதி வசனம் மறந்துபோய்ச் சிரிப்பு வந்துவிட்டது. உடைந்தால் உதவும் என்று நர்ஸ் கூடுதலாகக் கொடுத்திருந்த இரண்டு ஊசிகளில் கடைசியும் தீர்ந்தது. அவன் கண்ணாடியைப் பார்த்து, "ஏறிட்டாங்க," என்றான். காலை எடுத்தான். அது மரத்துப்போயிருந்ததால் முடிதிருத்துகிறவரும் வாத்தியாரும் அவனைத் தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலில் போட்டார்கள். வெள்ளிக்கிழமை பதினொரு முட்டைகள் எடுத்தார்கள். பத்து ஊசிக்கு இவ்வளவா என்று டாக்டரம்மா வியந்தாள், சீட்டில் பத்து என்றே எழுதினாள். முட்டைகள் தெருவின் கணக்கில் வளர்ந்திருந்தன, கட்டி ஆஸ்பத்திரிக் கணக்கைத் தாண்டவில்லை. திங்கட்கிழமை சிகிச்சை தொடங்கியது.

பிறகு ஆறு சுற்று மருந்து. இரண்டாவது சுற்றில் முடி கொட்டத் தொடங்கியது, முடிதிருத்துகிறவர் வீட்டுக்கே வந்து மிச்சத்தை மழித்துவிட்டுப் போனார். நான்காவது சுற்றில் எழுந்து நிற்க முடியவில்லை, அவன் விடுப்புப் போட்டுச் சமைத்தான், சமைத்ததை அவளால் சாப்பிட முடியவில்லை, இருவருமாக உட்கார்ந்து அழுதார்கள். கட்டி கரைந்தது. மூன்று வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சரி என்றார். முட்டையைக் கருவாக்கி முதல் முறை வயிற்றில் வைத்தது நிற்கவில்லை. இரண்டாம் முறையும் நிற்கவில்லை, அந்த வாரம் அவள் கூண்டுக்குள் அழுதுகொண்டே வண்டி நேரம் எழுதினாள். மூன்றாம் முறை நின்றது.

பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று தெருவே திரண்டு வந்தது. தங்கள் இரண்டு நாள் என்ன ஆயிற்று என்று பார்க்க வந்தவர்களின் உரிமை எல்லோர் முகத்திலும் இருந்தது. கடைசி வீட்டு அக்கா மகளையும் அழைத்து வந்திருந்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. இத்தனை பேர் வந்திருக்கிறார்களே என்று டைம் கீப்பர் அதன் பாதத்தைச் சுரண்டப் போனாள்.

"எழுப்பாதே," என்றாள் அக்கா. "தானா முழிக்கட்டும். நாங்க இருக்கோம்."

அவன் வீட்டிலிருந்த நாற்காலிகளையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டான். போதாமல் படியிலும் சுற்றுச்சுவர் மேலும் உட்கார்ந்தார்கள். குழந்தை கண் திறக்க மூன்றே கால் மணி நேரம் ஆனது. பதினான்கு வீட்டில் ஒருவர்கூட எழுந்து போகவில்லை.