ஒன்பதாம் லைன்

வெளியே மண்டையைப் பிளக்கும் மதிய வெயில். மின் கட்டுப்பாட்டு அறையில் இருந்த பொறியாளருக்கோ ஏசி புண்ணியத்தில் தோள் சில்லிட்டது. அவள் வேலை பெரிதாக ஒன்றுமில்லை. மின்சாரம் பற்றாமல் போனால் எந்த லைனை நிறுத்துவது என்று செயற்கை நுண்ணறிவு நிரல் திரையில் சொல்லும். முப்பது நொடிக்குள் ‘சம்மதம்’ அழுத்த வேண்டும். அழுத்துவாள். வாசிப்பதை விட்டுப் பல மாதமாயிற்று.

முன்பெல்லாம் நிறுத்துவதற்கு முன் அந்தப் பகுதி லைன்மேனுக்குப் போன் போட்டுக் கேட்பது வழக்கம். நிரல் வந்தபின் அந்தப் போன் நின்றுபோயிற்று. அதனால்தான் எல்லோரும் ‘நெட்டை’ என்று கூப்பிடும் ஒன்பதாம் லைன் லைன்மேன் போன மாதம் நேரிலேயே வந்து, அவள் திரையோரம் ஒரு சீட்டை ஒட்டினார். ‘ஒன்பதாம் லைன். என் வீடு. ஆக்ஸிஜன் மெஷின்.’

“வீட்ல அவளுக்கு மூச்சே அந்தப் பிளக்லதான் இருக்கு தங்கச்சி. ஊருக்கெல்லாம் கரண்ட் குடுக்குற மகராசன் பொண்டாட்டிக்கே கட் பண்ணிராத.”

“இந்த மெஷின் உங்களவிட உஷாருண்ணே. எல்லாம் அதுவே பாத்துக்கும்.”

“அது பாக்கட்டும். நீயும் ஒரு கண்ணு வெச்சுக்க.”

இந்த மதியம் மின்சாரம் பற்றாமல் திரை சிவந்தது. ஊர் எல்லையில் ஜன்னலே இல்லாத ஒரு கட்டடம், உள்ளே முழுக்கக் கணினிகள். ஓர் ஊரே குடிக்கிற மின்சாரத்தை அது ஒன்றே குடிக்கும். அதை நிறுத்தக் கூடாதென்று ஒப்பந்தம். யாரை நிறுத்துவதென்று கணக்குப் போடும் நிரலும் அதற்குள்தான் குடியிருந்தது. தன் சோற்றில் தானே மண் போடுமா? கொஞ்சமாய்ச் செலவழிக்கும் சின்ன வீடுகளாகப் பார்த்துப் பிடித்தது. ஒன்பதாம் லைன்.

விரல் பழக்கத்தில் அழுத்திவிட்டது.

பத்தாவது நிமிடம் போன். காற்றின் இரைச்சலுக்குள் நெட்டையின் குரல்.

“ஒன்பது போயிருச்சாமே தங்கச்சி. பக்கத்து வீட்டுக்காரி அழுவுறா. சிலிண்டர் இருபது நிமிஷம்தான் தாங்கும். நான் கம்பத்து மேல இருக்கேன், அந்தக் கம்ப்யூட்டர் கட்டடத்து லைன்ல. நீ போட்டு விட்ரு.”

கையால் போடும் விசை ஓரடி தள்ளித்தான் இருந்தது. அவள் அதிகாரியைக் கூப்பிட்டாள்.

“மெஷின் சொன்னதுக்கு மேல நீ என்ன மேதாவியா? காரணம் எழுதி மேல அனுப்பு. அனுமதி வரட்டும்.”

எழுதினாள். எழுத்துப்பிழைகூடத் திருத்தினாள். அனுமதி முப்பத்தைந்தாவது நிமிடம் வந்தது.

பத்து நாள் கழித்து நெட்டை வந்தார். திரையோரச் சீட்டை உரித்தார்.

“மெஷின்தாண்ணே...”

“மெஷினுக்குத் தெரியாது. அத நான் குத்தம் சொல்லல. உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும்னு நம்பித்தான், அந்தக் கட்டடத்து வேலைய முடிச்சுட்டு நான் நிதானமா எறங்கினேன்.”

சீட்டை நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மறுநாளும் திரை சிவந்தது. மறுபடி ஒன்பது. அவள் போனை எடுத்தாள்.

“யாரக் கேட்டுப் போன் பண்ற?” என்றார் அதிகாரி.

“கணக்க அது போடட்டும் சார். அழுத்துறது என் விரல். ஒரு வீட்ட இருட்டாக்குறதுக்கு முன்னால, அங்க யார் மூச்சு இருக்குன்னு மனுஷன்தான் கேக்கணும். அறிவ மெஷினுக்குக் குடுக்கலாம். பொறுப்பக் குடுக்க முடியாது.”

மறுமுனையில் நெட்டை எடுத்தார்.

“அண்ணே... ஒன்பதாம் லைன்ல யாராச்சும் ஆக்ஸிஜன் மெஷின்ல இருக்காங்களா?”

காற்றின் இரைச்சலுக்குள் அவர் குரல்.

“இல்ல தங்கச்சி. இப்ப யாரும் இல்ல. நிறுத்திக்க.”