நோயில்லாதவரின் டப்பா

"இது யாரோட டப்பா?" என்று பரிசோதனைக் கூடத்து மேடம் திரையைப் பேனா மூடியால் தட்டிக் கேட்டபோது அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒரு கை கழன்றுவிட்டது. இன்னொன்று வியர்வையில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

திரையில் ஒரு கிளைப்படம். டைபாய்டு வந்தவர்களின் ரத்தத்திலிருந்து வளர்த்த கிருமிகளின் மரபணுவை முழுக்க வாசித்து, எது எதற்கு எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று கணினி போட்டுக் கொடுத்த வம்சாவளி. நோயாளிகள் ஊரின் நாலு மூலையிலும் சிதறிக் கிடந்தார்கள். குழந்தைகள்தான் அதிகம். குடிநீர்க் குழாய்தான் காரணம் என்று தெருத்தெருவாகத் தோண்டிப் போட்டார்கள். தண்ணீரில் ஒன்றும் இல்லை. ஆனால் கிருமிகள் எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. யாரோ ஒருவரிடமிருந்துதான் கிளம்பியிருக்கிறது. அந்த ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு குழந்தைகள் செத்துப்போயின.

கிளைகளெல்லாம் வந்து சேரும் அடிப்பகுதியில் பேனா மூடி நின்றது. அந்த இடத்தில் நோயாளியின் எண் இல்லை. 'சுத்தம்' என்று இருந்தது.

அந்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. மலத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் தட்டுகள் புதிதாக வந்து இறங்கினால், முதலில் நோயில்லாத ஒருவரின் மலத்தை வைத்துப் பார்ப்பார்கள். டைபாய்டு வளரக் கூடாது. வளராவிட்டால் சரக்கு நல்ல சரக்கு. நோயில்லாதவருக்கு எங்கே போவது? ஊழியர்களே முறை வைத்துக் கொண்டு வருவார்கள். "இன்னிக்கு யாரு வீட்டுப் பலகாரம்?" என்று அடுத்த மேசைக்காரன் கேட்பான். ஒல்லியாக, எங்கேயும் குத்திக்கொண்டு நிற்பதால் அவனுக்குக் குண்டூசி என்று பெயர்.

போன மாதம் அவள் முறை. அந்தச் சுத்தமான டப்பாவிலிருந்து டைபாய்டு வளர்ந்தது. யாரும் திடுக்கிடவில்லை. மேசையில் நோயாளிகளின் தட்டுகளும் இருந்தன. ஏதாவது தெறித்திருக்கும் என்றார்கள். அவளும் அதையே சொன்னாள். மேசையைக்கூட ஒழுங்காகத் துடைக்கத் தெரியவில்லை என்று நன்றாகத் திட்டு வாங்கினாள். அந்தக் கோபத்தில், எந்தத் தட்டிலிருந்து தெறித்தது என்று கண்டுபிடித்துக் காட்டுகிறேன் பார் என்று, அந்தக் கிருமியையும் இந்தத் தடவை அவளேதான் மரபணு வாசிக்கும் இயந்திரத்தில் சேர்த்திருந்தாள்.

"தெறிச்சிருந்தா யாரோ ஒரு நோயாளியோட அச்சு அசலா ஒத்துப்போகும். இது எல்லாத்துக்கும் மூத்தது," என்றார் மேடம். "உன் முறைதானே? அப்போ நீதான். பயப்படாதே. சில பேருக்குப் பித்தப்பையில வருஷக்கணக்கா உக்காந்திருக்கும். அவங்களுக்கு ஒண்ணும் செய்யாது. அவங்க கையால சாப்பிடறவங்களுக்குத்தான். ஆனா நீ யாருக்கும் சாப்பாடு போடற ஆள் இல்லையே?"

"இவ வெந்நீர் வச்சாலே தீஞ்சுபோகும் மேடம்," என்றான் குண்டூசி.

அவள் சிரிக்கவில்லை. முறை வந்த அன்றைக்கு அவள் பல் சீழுக்குக் கிருமிக்கொல்லி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களின் மாதிரி உதவாது. அதனால் டப்பாவை அக்காவிடம் நீட்டினாள். "உன்னைப் படிக்க வச்சது இதுக்குத்தானாடி?" என்று அக்கா வயிறு வலிக்கச் சிரித்தாள்.

அக்கா மாற்று ஆயா. எந்தக் குழந்தைக் காப்பகத்தில் ஆள் லீவு போட்டாலும் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு வாரம் இந்தத் தெரு, அடுத்த வாரம் அந்தத் தெரு. தோல் சீவி, பழம் நறுக்கி, அடம்பிடிக்கிறதை மடியில் போட்டு ஊட்டிவிட்டு வருவாள். செத்த குழந்தைகளில் ஒன்று அவளிடம் மட்டும்தான் சாப்பிடும். அந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்து, அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆமாம் மேடம், நான்தான் என்றால் முடிந்தது. பழி தன்னோடு போகும். முழங்கால் வலி, ரத்த அழுத்தம் என்று ஏதாவது சொல்லி அக்காவை வீட்டில் உட்கார வைத்துவிடலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அக்கா உட்காருகிற ரகம் இல்லை. இன்றைக்கும் ஒருத்தி லீவாம் என்று கொண்டையை முடிந்துகொண்டே ஓடியிருக்கிறாள். இந்நேரம் பழம் நறுக்குகிற நேரம்.

"என்னோடது இல்லை மேடம். அக்காவோடது."

"அக்கா என்ன வேலை பாக்கறாங்க?"

சொன்னாள். மேடம் போனை எடுத்தார்.

"சுகாதாரத் துறை வண்டியை அனுப்பச் சொல்லப் போறேன். அதுக்கு முன்னாடி நீ போயிடு. யாரோ போய்ச் சொல்றதுக்கு..." என்றார்.

காப்பகத்தின் கூடத்தில் குழந்தைகள் பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சமையலறையில் அக்கா கடைசிப் பழத்தை நறுக்கிக்கொண்டிருந்தாள். தங்கை உள்ளே வந்து தட்டை எடுத்துக் குப்பைக்கூடையில் கவிழ்த்தாள்.

"ஏய், பைத்தியமா உனக்கு?"

"சின்ன வயசுல எனக்கு டைபாய்டு காய்ச்சல் வந்து நீதானே பாத்துக்கிட்டே. அப்புறம் உனக்கும் வந்துச்சே."

"அது போயிருச்சேடி."

"போகலைக்கா."

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். தங்கை எல்லாவற்றையும் சொன்னாள்.

"நான் கை கழுவறேன்டி," என்றாள் கடைசியில்.

"தெரியும்."

"அந்தப் பொண்ணுக்கு நான்தான் ஊட்டினேன். அவ அம்மா என் மடியில விழுந்துதான் அழுதா."

"மருந்து இருக்குக்கா. நாளாகும். சரியாயிடும்."

"யாருக்கு?"

வாசலில் ஏதோ வண்டி நிற்கிற சத்தம் கேட்டது. அதைக் காதில் வாங்காமல் ஒரு குழந்தை தத்தித் தத்தி உள்ளே வந்து அக்காவின் முன்னால் நின்று வாயை ஆவென்று திறந்தது. அக்கா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். குழந்தை வாயை மூடி, சிரித்து, கையில் என்ன ஒளித்திருக்கிறாள் என்று பார்க்கப் பின்பக்கமாகச் சுற்றி ஓடியது. அக்கா திரும்பினாள். அது மறுபடி ஓடியது. எட்டிப் பிடித்துவிடாதபடி, கைகளை ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தச் சின்னச் சமையலறைக்குள் அக்கா சுற்றிச் சுற்றித் திரும்பிக்கொண்டே இருந்தாள்.