மேசையில் இருக்கிறேன், உதவுவதில் மகிழ்ச்சி

1989 பிப்ரவரி பதின்மூன்றாம் தேதி திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, விஸ்கான்சினில் உள்ள பெல்வாட்டர் பல்கலைக்கழகத்தில் நானூற்றுப் பன்னிரண்டு அலுவலக ஊழியர்களால் நாற்காலியை விட்டு எழ முடியாமல் போனது. அதே திங்கட்கிழமை கேன்டீனில் காபி விலை ஐந்து சென்ட் ஏறியது. ஊரில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

பெல்வாட்டரில் கணினிக் கணக்கு வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் 'பிளான்' என்று ஒரு சின்னக் கோப்பு உண்டு. ஒருவருடைய பெயரைத் தட்டினால் அவர் அதில் எழுதி வைத்திருப்பது திரையில் வரும். எங்கே இருக்கிறார், எப்போது கிடைப்பார் என்று எழுதுவதற்காக ஏற்பட்டது அது. யாரும் அப்படி எழுதவில்லை. கிண்டலைத்தான் எழுதினார்கள். எழுதியது நடந்தது. வேதியியல் மாணவன் ஒருவன் 'மார்ச் வரை நான் கடமான்' என்று எழுதிவிட்டு மார்ச் வரை கடமானாகவே ஆய்வகத்துக்கு வந்துபோனான். லிஃப்டில் கொம்பு நுழையாததால் படியேறினான். கணிதத் துறை விரிவுரையாளர் ஒருவர் 'இன்றைக்கு எல்லாவற்றுக்கும் விடை பதினேழு' என்று எழுதிய புதன்கிழமை, தேர்வு மதிப்பெண்ணும் பஸ் எண்ணும் வெப்பநிலையும் பதினேழாகவே இருந்தன. இப்படி எது நடந்தாலும் ஜனங்கள் வந்து நிற்பது உதவி மையத்தின் கவுன்டரில், மார்லிஸ் ட்வைட் முன்னால். ஆறு வருடமாக அவள் பெருமூச்சு விட்டபடி அந்தந்த ஆளைத் தேடிப் பிடித்து, அந்த வரியை அழிக்கவைத்து, அடுத்தவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாற்பத்து மூன்று வயது. அந்த வாரம் சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு, பால் லாரி ஓட்டும் ஆர்லன் பெக்கனுடன் அவளுக்குக் கல்யாணம். பதினோரு வருடம் யோசித்து அந்த மனிதர் வாயைத் திறந்து கேட்ட கல்யாணம். அது தள்ளிப்போனால் அவர் மறுபடி பதினோரு வருடம் யோசிப்பார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

புது இயக்குநர் டாக்டர் தெரன்ஸ் ஹாலோவே கிழக்குக் கடற்கரையிலிருந்து வந்தவர், சிறப்பு என்ற சொல்லை மூச்சுக்கு ஒரு முறை சொல்பவர். ஒரு பல்கலைக்கழகத்தின் மாண்பு அதன் பிளான் கோப்புகளில் தெரியும் என்று பதினான்கு பக்கத்துக்குச் சுற்றறிக்கை எழுதினார். நகைச்சுவை ஒழுங்குமுறைக் குழு ஒன்றை அமைத்து, பேராசிரியர்களை விட்டுவிட்டு, அலுவலக ஊழியர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரே வாசகத்தை நிர்ணயித்தார்: 'நான் என் மேசையில் இருக்கிறேன். உங்களுக்கு உதவுவதில் மகிழ்ச்சி.' இடம் மிச்சமாகும் என்று நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரே கோப்பு. தனக்கு மட்டும் தனியாக ஒன்று: 'இயக்குநர் முக்கியமான கூட்டத்தில் இருக்கிறார்.' இவற்றை ஏற்றும் வேலை மார்லிஸிடம் வந்தது.

"டாக்டர், இங்க எழுதினா நடந்துடும்."

"அதானே வேணும், மிஸ் ட்வைட்."

திங்கட்கிழமை நடந்துவிட்டது. பசி எடுத்தது, வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. மற்ற உபாதைகள் அந்த வாரம் யாருக்கும் வரவில்லை, மருத்துவத் துறை அதைக் குறித்துக்கொண்டது. மார்லிஸின் கதிதான் மோசம். எல்லாக் கோப்பையும் மாற்றும் அதிகாரம் அவள் விரல் நுனியில் இருந்தது. ஆனால் கணக்கு வைத்திருப்பவர் யாராவது வந்து கேட்டால்தான் அந்த விரல் அசைந்தது. வாயும் அப்படியே. உள்ளே கொதித்துக்கொண்டிருந்தாள், வெளியே காது வரை சிரிப்பு.

"பிரிண்டர் பேப்பரத் தின்னுடுச்சு, மேடம்" என்றான் மாணவன் ஒருவன்.

"ரொம்ப சந்தோஷம், இதோ பாக்கறேன். வேற ஏதாவது உதவி வேணுமா? யோசிச்சுப் பாருங்க. மேசை சம்பந்தமா? நாற்காலி சம்பந்தமா? ஊழியர்களோட கோப்பு ஏதாவது உங்களுக்குத் தொந்தரவா இருக்கா?"

"இல்ல மேடம், அவ்ளோதான்."

அடுத்தவன் பாஸ்வேர்டை மறந்திருந்தான். அதற்கடுத்தவனும். வியாழக்கிழமைக்குள் மூன்று வருடமாகத் தேங்கிக் கிடந்த புகார்கள் அத்தனையும் தீர்ந்தன. அதுவரை பல்கலைக்கழகத்தில் யாருக்கும் இப்படி ஒரு சேவை கிடைத்ததில்லை. அதனால் அதை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. "இந்தச் சிரிப்பு உங்களுக்கு நல்லா இருக்கு, இப்படியே இருங்க" என்று தத்துவத் துறைத் தலைவர் சொல்லிவிட்டுப் போனார். மார்லிஸ் மகிழ்ச்சியுடன் நன்றி சொன்னாள். கவுன்டருக்குக் கீழே மேசைக் காலை எட்டி உதைத்ததில் கட்டைவிரல் நகம் பெயர்ந்தது.

சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு ஆர்லன் வந்தார். கோட்டு, டை, காலில் லாரிக்குப் போடும் பூட்ஸ்.

"மார்லிஸ், சர்ச்சுல எங்கம்மா இருநூறு சாண்ட்விச் அடுக்கி வச்சிட்டு நிக்கிறா. நீ என்னடான்னா இங்க உக்காந்து பல்லக் காட்டிட்டிருக்க."

"உங்களுக்கு உதவறதுல மகிழ்ச்சி. உங்க யூசர் பேரு?"

"எம் பேரா? போன வாரம் வரைக்கும் தெரிஞ்சிருந்துதே உனக்கு."

"கணக்கு இல்லேன்னா ஃபார்ம் பதினொண்ணு நிரப்பணும்" என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, சிரிப்பு குறையவில்லை.

ஆர்லன் அவளை, பால் தொட்டி உறைந்துபோன காலைகளில் இஞ்சினைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி, "குடு அந்தக் காயிதத்த" என்றார்.

ஃபார்ம் நான்கு பக்கம். கணினி தேவைப்படும் காரணம் என்ற இடத்தில் 'கல்யாணம்' என்று எழுதினார். மார்லிஸ் அதை உடனே அங்கீகரித்தாள், மகிழ்ச்சியுடன், இந்தத் தடவை உண்மையாகவே. புதிய பயனருக்குப் பிளான் கோப்பு எழுதச் சொல்லிக்கொடுப்பது உதவி மையத்தின் கடமை. "நீங்க எங்க இருப்பீங்கன்னு இங்க எழுதணும்" என்று காட்டினாள். எழுத்து எழுத்தாகத் தேடி, ஒற்றை விரலால், இரண்டு தடவை முழுவதும் அழிந்துபோய், ஒன்று ஐம்பத்தெட்டுக்கு ஆர்லன் முடித்தார்: 'சனிக்கிழமை ரெண்டு மணிக்கு சர்ச்சில் மார்லிஸைக் கல்யாணம் செய்கிறேன்.'

இரண்டு மணிக்கு அவர்கள் சர்ச்சில் நின்றுகொண்டிருந்தார்கள். மார்லிஸ் அலுவலக ஸ்வெட்டரில், ஒரு காலில் செருப்பில்லாமல். அவள் மேசையில் இல்லாததால் பொது வாசகம் அந்தக் கணத்தில் பொய்யாயிற்று. ஒரே கோப்பு என்பதால் எல்லோருக்குமே பொய்யாயிற்று. மற்ற நானூற்றுப் பதினோரு பேரும் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். திங்கட்கிழமை கவுன்டரில் மார்லிஸ் யாரைப் பார்த்தும் சிரிக்கவில்லை; சேவைத் தரம் குறைந்துவிட்டதாக மூன்று புகார்கள் வந்தன. டாக்டர் ஹாலோவேயின் கோப்பு தனி என்பதால் அவருடைய கூட்டம் இரண்டாம் மாடியில் இன்னும் நடக்கிறது. நிகழ்ச்சி நிரலில் நான்காவது அம்சத்துக்கு வந்திருக்கிறார்கள். குழு உறுப்பினர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாறுகிறார்கள், அவரைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை.

ஆர்லன் தேதி போடவில்லை. எனவே ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு மணிக்கு, ஒருவர் லாரியை நிறுத்திக்கொண்டிருந்தாலும் மற்றவர் தலைக்கு ஷாம்பு போட்டுக்கொண்டிருந்தாலும், இருவரும் சர்ச்சில் வந்து நிற்கிறார்கள். போதகர் சடங்கை நான்கு நிமிடத்துக்குச் சுருக்கிவிட்டார். சாண்ட்விச் முதல் வாரத்தோடு சரி. "ஒரு தேதி, ஒரே ஒரு தேதி போடத் தெரியல இந்த மனுஷனுக்கு" என்று மார்லிஸ் ஈரத் தலையுடன் புலம்புவதைப் பக்கத்து வீட்டார் இருபது வருடத்துக்கு மேலாகக் கேட்டுவருகிறார்கள். கோப்பு ஆர்லனுடையது, அவர் கேட்டால்தான் அழிக்கலாம். கேட்கலாம் என்றுதான் அவரும் யோசித்துக்கொண்டிருக்கிறார். எப்போது எந்தக் கோலத்தில் வந்து சேர்வார்கள் என்று தெரியாததால், சர்ச் வாசலில் கோட்டு மாட்டும் ஆணிகளுக்குக் கீழே இரண்டு ஜோடிப் பனி பூட்ஸ் எப்போதும் இருக்கின்றன. அவற்றை யாரும் எடுப்பதில்லை.